நாற்பதாயிரம் பேர்

காட்டை வெட்டிக் கத்தரி போட்டார்கள். ஓரத்தில் நின்ற பட்ட மரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அதில் துளை போட்டுக் குடியிருந்த கருந்தேனீ வீடில்லாமல் அலைந்தது. பூக்கள் காய்க்காமல் உதிர்ந்ததும் ஒரு தேன்பெட்டியைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார்கள்.

"தேனீ குறைஞ்சுபோச்சுன்னு யார் சொன்னது? நாங்க நாற்பதாயிரம் பேர் இருக்கோம்," என்றது பெட்டித்தேனீ.

"நாற்பதாயிரம் பேரும் வந்து உட்கார்ந்துட்டு எழுந்து போறீங்க," என்று எரிந்து விழுந்தது கத்தரிப்பூ. "என் மகரந்தம் குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்கு. என்னைக் கட்டிப் பிடிச்சு, உடம்பு அதிர ரீங்காரம் போட்டாத்தான் கொட்டும். கருந்தேனீ அக்கா அப்படித்தான் உலுக்குவாங்க."

"எங்களுக்கு அந்தப் பழக்கமில்லை. நீ கொஞ்சம் வாயைத் திறந்து வச்சாத்தான் என்ன?"

பூவுக்கு அதற்குமேல் அதனிடம் பேசப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த கருந்தேனீயைக் கூப்பிட்டு, "இங்கேயே இருந்துடுங்க அக்கா," என்றது.

"இருக்கலாம். முட்டையை எங்கே வைக்கிறது, உன் தலையிலயா?"

பெட்டித்தேனீ பெருந்தன்மையோடு குறுக்கே வந்தது. "எங்க பெட்டியும் மரம்தானே அக்கா. ஒரு ஓரமா இருந்துக்கோங்க. வாசலைப் பாருங்க, எவ்வளவு அழகான வட்டம்."

கருந்தேனீ போய்ப் பார்த்தது. அந்தப் பட்ட மரத்தை அறுத்த பலகைதான். வாசலின் உள்விளிம்பில் கருந்தேனீயின் பல் தடம் அப்படியே இருந்தது.

"இது வாசல் இல்லடி. என் பிள்ளைகளுக்கு நான் துளைச்ச வீடு. அதுங்க உள்ளே இருக்கும்போதே அறுத்தாங்க."

"அதனால என்ன அக்கா," என்றது பெட்டித்தேனீ. "இப்பவும் அதுல தேனீதானே இருக்கு?"