ஒரே வசனம்

"நாளைக்கு எபிசோட்ல லாரி மோதி நீங்க காலிம்மா," என்றார் இயக்குநர்.

தொடரில் வேலைக்காரியாக வருபவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு வருடத்தில் அவர் அவளுக்குக் கொடுத்த ஒரே வசனம், 'சரிங்கம்மா'.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

தயாரிப்பாளர் அரக்கப்பரக்க ஓடி வந்தார். "நம்ம சீரியலோட அடுத்த பாகத்துக்கு, இப்ப ஊரெல்லாம் ஓடற ஹிட் பாட்டோட முதல் வரிதான் தலைப்பா வேணும்னு சேனல் ஒத்தைக்கால்ல நிக்குது. பாட்டு எழுதினவங்க சம்மதிக்கணும். புனைபெயர்ல எழுதறாங்களாம். இப்பத்தான் நம்பர் கிடைச்சுது."

இயக்குநர் அவசரமாக அந்த எண்ணை அழுத்தினார். வேலைக்காரியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

அவள் நிதானமாக எடுத்துக் காதில் வைத்தாள். "தலைப்பைத் தாராளமா வெச்சுக்குங்க சார். முதல்ல அந்த லாரியை நிறுத்தச் சொல்லுங்க."

எதிரிலேயே நின்றிருந்த இயக்குநர் போனிலேயே பதில் சொன்னார்.

"சரிங்கம்மா."