ஒரே ஒரு கடி

ஆராய்ச்சிப் பண்ணையில் காய்த்த அந்தக் கத்தரிக்காய்க்கு மனசே சரியில்லை. புழு அண்டக்கூடாதென்று அதன் மரபணுவில் என்னவோ மாற்றிவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து, 'நான் இன்னும் கத்தரிக்காய்தானா?' என்ற சந்தேகம் அதை அரித்தெடுத்தது.

வழிதவறித் தன் மேல் ஏறிவிட்ட புழுவிடம் அது கெஞ்சியது. "அண்ணே, ஒரே ஒரு கடி கடிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்."

"வயித்துக்கு ஒத்துக்காதுன்னு பேசிக்கிறாங்கப்பா."

"நீங்களும் என்னை நம்பலையா?" கத்தரிக்காயின் குரல் உடைந்தது.

புழுவுக்கு மனசு கேட்கவில்லை. ஓரமாகக் கடித்து மென்றது.

"அட, அசல் கத்தரிக்காய்தான்பா" என்று சொல்லி முடித்ததும் சுருண்டு கீழே விழுந்தது. அப்புறம் அது அசையவே இல்லை.

கத்தரிக்காய் எட்டிப் பார்த்தது.

"நிச்சயமாத்தானே சொல்றீங்க? எதுக்கும் இன்னொரு கடி கடிச்சுப் பாருங்களேன், அண்ணே!"