ஒரு இடம்தான் காலி

"ஒரு எடம்தான் காலி கீது. ரெண்டு பேருல யாரு?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரே ஃபோனுக்கு முன்னால் இரண்டு பேர் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

ஷீபா, ஜெயப்பிரியா. திருமுக்கூடலில் ஒரே தெரு. ஒரே கம்பெனி பஸ்ஸில் போய், ஒரே லைனில் நின்று வேலை பார்க்கிற பெண்கள். ஷீபாவின் ஃபோனில் டிஸ்ப்ளே போய்விட்டதாம். அதனால் ஜெயப்பிரியாவின் ஃபோனில் இரண்டு பேரும் சேர்ந்து வந்துவிட்டார்கள்.

ஆள் எடுக்கிற இடத்துக்கு யாராவது ஜோடி போட்டுக்கொண்டு வருவார்களா? இதுகள் வந்தன.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்ஃபோன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆன்லைனில் ஒரு ஆட்டம் நடத்துகிறேன். நான் கதை சொல்வேன். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசவேண்டும், சிக்கல் வந்தால் பகடை உருட்டவேண்டும். ராஜா, மந்திரி, கோட்டை எல்லாம் உண்டு. நல்லவன் மட்டும் கிடையாது. ஆடுகிற அத்தனை பேரும் வில்லன்.

அன்றைக்கு ஆட்டம் இல்லை, ஆள் எடுப்பு. கூட ஆடுகிற பாண்டுரங்கனும் அவன் வீட்டிலிருந்து மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வில்லன் கிடைப்பது லேசில்லை சாமி. முதலில் வந்தவன் ஹஹ்ஹா என்று சிரித்தே பொழுதைப் போக்கினான். அடுத்தவன் தன்னுடைய வில்லனுக்குச் சின்ன வயதிலேயே அம்மா செத்துப்போன கதையைச் சொல்லி, அவனே அழுதான். போடா, போய் மூஞ்சியைக் கழுவு என்று அனுப்பிவிட்டேன்.

இந்த இரண்டும் அக்கா தங்கையாகப் பேசிக் காட்டின. அரண்மனைச் சமையற்கட்டில் விஷம் வைக்கிற அக்கா தங்கை. ராஜாவுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று விசாரித்தார்கள். ஒருத்தி ஆரம்பித்ததை இன்னொருத்தி முடித்தாள். எனக்கே புல்லரித்துவிட்டது.

ஆனால் நடுநடுவே சிரித்துத் தொலைக்கிறார்கள். ஒருத்தி தடுமாறினால் ஒருத்தி எடுத்துக்கொடுக்கிறாள். ஒருத்தர்மேல் ஒருத்தர் உயிராக இருந்தால் என் ஆட்டம் உருப்படுமா? எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போதுதான் அந்த ஒரு இடத்தைப் பற்றிச் சொன்னேன்.

ஜெயப்பிரியா கெஞ்சினாள். பழைய ஆட்டங்களின் ரெகார்டிங்கைத்தான் தினமும் பஸ்ஸில் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்களாம்.

"வாரம் பூரா நின்னுக்கினே கீறோம்ணா. இது ஒண்ணுதான் எங்களுக்கு. ரெண்டு பேரும் சேந்து ஒரே ஆளா ஆடறோமே?"

அதெல்லாம் விதியில் கிடையாது என்றேன். விதியை எழுதினவனே நான்தான்.

"வில்லனாவே பேசுங்க. பக்கத்துல கீறவள நான் ஏன் எடுக்கக்கூடாது? நல்லா சொல்றவளுக்குத்தான் எடம்."

ஷீபா ஆரம்பித்தாள், அந்த விஷக்காரியின் மெல்லிய குரலில். இவள் பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள், இவளுக்கு ரசம் வைக்கக்கூடத் தெரியாது, விஷம் எப்படி வைப்பாள் என்றாள். ஜெயப்பிரியா பக்கத்திலேயே களுக்கென்று சிரித்தாள்.

"இதான் உன் வெஷமா? எறும்புகூட சாவாது," என்றேன்.

ஷீபா மைக்குக்கு இன்னும் பக்கத்தில் வந்தாள்.

"இவளுக்கு வில்லத்தனம் வராதுணா. இவ நைனா குடிச்சிட்டு வந்து பெல்ட்டால அடிக்கும்போதுகூட, கை வலிக்கப்போவுது நைனான்னு சொல்றவணா இவ."

குரல் என்னவோ அதே மெல்லிய குரல்தான். ஆனால் இது கதை இல்லை. ஷீபாவைத் தவிர வேறு யாரிடமும் அந்தப் பெண் இதைச் சொல்லியிருக்கமாட்டாள். சிரிப்பு நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

அடேயப்பா, என்ன போடு போட்டாள்! இவ்வளவு நேரமும் இதற்குத்தானே காத்துக்கிடந்தேன். சந்தோஷத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன்.

"ஏய் ஜெயா, சும்மா ஆட்டத்துக்குடி," என்று ஷீபா அவசரமாகச் சொன்னாள். இப்போது அவளுடைய சொந்தக் குரல் வந்திருந்தது.

"நீ சொல்லும்மா," என்றேன் ஜெயப்பிரியாவிடம்.

அவள் எந்த வேஷக் குரலையும் எடுக்கவில்லை.

"அவளயே எடுத்துக்கங்கணா. அவளுக்குத்தான் நெஜமாவே வருது."

லைன் கட்டானது.

பாண்டுரங்கன் மைக்கைப் போட்டான்.

"டேய் ஸ்ரீகாந்த், ரெண்டு எடம் காலி கீதுன்னுதானடா நேத்து சொன்ன?"

ஆமாம் என்றேன். ஷீபாவின் ஃபோனுக்கு நானே காசு வாங்காமல் டிஸ்ப்ளே மாற்றித் தருகிறேன், இனிமேல் தனித்தனியாக வரட்டும் என்றேன்.

"ரெண்டு பேருக்கும் லிங்க் அனுப்பு. எடம் உனக்குத்தான், அவளுக்கு இல்லன்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லு."

"அந்தப் பொண்ணு பாவம்டா," என்றான் பாண்டுரங்கன்.

பிறகு இரண்டு பேருக்கும் அனுப்பினான்.