கால் படாத வாசல்

கார் கேட்டைத் தாண்டியதும் ஜெயமணி அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். பொங்கல் எங்கும் ஓடிவிடாது. இதை விட்டால் போச்சு.

முழங்கை நீளத்துக்கு ஒரு ரிமோட் கார். முதுகில் எவர்சில்வர் டப்பா ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது.

தன் வீட்டு கேட்டுக்கு உள்ளேயே நின்று அதை ஓட்டியவர் பக்கத்து வீட்டுப் பிரகாசம். தூத்துக்குடிக்காரர், ஐம்பத்தாறு வயது. இந்த எல்லையோர ஊர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாக எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ்.

பேரன் எடுக்கிற வயதில் மனுஷன் பொம்மைக் காரோடு திரிகிறார் என்று ஜெயமணி தெருவில் சொல்லாத ஆள் இல்லை. பால்காரருக்கும் சொல்லியாயிற்று.

இந்த மூன்று மாதமாக அவள் கண்ணுக்குத் தப்பி அந்தக் காரில் ஒரு ஸ்குரூ மாறியதில்லை. துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடியிலிருந்து எல்லாம் பார்த்தாள். முன் சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டார் போய், உள்ளே இரும்புப் பல்சக்கரம் வைத்த புது மோட்டார் பெங்களூரிலிருந்து வந்தது. ரிசீவர் மாறியது, ரிமோட் மாறியது. ஸ்டீயரிங் கம்பியில் கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக் கூடாதென்று வாஷரை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையே போயிற்று.

இத்தனையும் செய்து வேகத்தை மட்டும் குறைத்துவிட்டார்.

"ஊர்ல ஸ்பீடு ஏத்தத்தான் ரிப்பேரு பண்ணுவாங்க. இந்த மனுசன் எறக்கறாரு பாரு," என்று அதற்கும் சிரித்தாள்.

கார் இப்போது எதிர்வீட்டை நோக்கி ஊர்ந்தது. அது கெம்பம்மா வீடு.

காரே அந்த வீட்டுக் கார்தான். கெம்பம்மாவின் புருஷன் திம்மராயன் வாங்கியது. ஒயரிங் பிரகாசம். ஞாயிறு சாயங்காலமானால் இரண்டு நரைத்த தலைகளும் நடுத்தெருவில் நிற்கும். டூவீலர்கள் ஒதுங்கிப் போகும்.

புரட்டாசியில் ஒருநாள் கார் தானாக இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது.

"உன் சால்டரிங்தான்யா புட்டுக்குச்சு," என்றார் திம்மராயன்.

முப்பது வருஷ மெயின்டனன்ஸ்காரரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? ரிமோட் பிடிக்கத் தெரியாதவன் என்று இவர் சொல்ல, அவர் ஒன்று சொல்ல, கடைசியில் பிரகாசம் சேறும் சகதியுமாகக் காரைத் தூக்கிக்கொண்டு தன் கேட்டில் நின்று கத்தினார்.

"இனி என் காலு ஒன் வாசல்ல படாதுலே. மாதா மேல சத்தியம்."

அரை மணி நேரத்தில் தெருமுனை வரை அந்தச் சத்தியம் போய்ச் சேர்ந்தது. யார் கொண்டுபோனார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பதினோராம் நாள் திம்மராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

உடலை எடுக்கும்வரை பிரகாசம் தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவைத் தாண்டவில்லை. கல்நெஞ்சக்காரன் என்ற பேச்சும் இதே ஜன்னலிலிருந்துதான் கிளம்பியது.

அடுத்த வாரம், பிரகாசத்தின் மனைவி அற்புதமேரி மாடியில் துணி எடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "காரைப் பிரிச்சுப் பாத்தா, விட்டுப்போனது இவுக சால்டர் வச்ச எடந்தானாம், அக்கா. அன்னையிலருந்து சோறு எறங்கல."

ஜெயமணி இதை மட்டும் ஏனோ யாரிடமும் சொல்லவில்லை. சுவாரசியம் போதவில்லை போல.

வருஷா வருஷம் சங்கராந்திக்குக் கெம்பம்மா தட்டு நிறைய எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து வீடு வீடாகக் கொடுப்பாள். அதை வாயில் போட்டவர்கள் நல்ல வார்த்தை பேச வேண்டும் என்பது கன்னடக்கார வழக்கம். இந்த வருஷம் அது துக்க வீடு. தட்டு வெளியே வரவில்லை.

ஆனால் காலையில் அற்புதமேரி அடுப்படியில் எள் வறுபட்ட வாசனை ஜெயமணிக்கு வந்திருந்தது.

கார் சாக்கடைப் பலகையில் ஏறியது. அதே இடம். ஜெயமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கார் இழுக்கவில்லை. கோடு போட்டதுபோல நேராகப் போய், பாதி திறந்த கேட்டில் இடிக்காமல் வளைந்து, வாசல்படிக்கு முன்னால் நின்றது.

கெம்பம்மா வெளியே வந்தாள். டப்பாவை அவிழ்த்துத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

பிரகாசம் காரைத் திருப்பவில்லை. ரிமோட்டோடு அப்படியே நின்றார்.

திரும்பி வந்த கெம்பம்மா, எதையோ காரின் முதுகில் வைத்து, அதே ரப்பர் பேண்டால் கட்டினாள்.

கார் முன்னும் பின்னும் போய் வளைந்து திரும்பியது. பாதித் தெரு வந்ததும்தான் ஜெயமணிக்குத் தெரிந்தது. செருப்பு. ஒரு ஜோடி.

போன் எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது. "முனிலட்சுமி, கேட்டியா? செருப்ப கட்டி அனுப்பிட்டாடி. அந்தாளு மூஞ்சிய நீ பாக்கணுமே."

பிரகாசம் குனிந்தார். வார் அறுந்து, செப்புக் கம்பியால் தைத்த செருப்பு. சாயங்காலங்களில் திம்மராயன் போட்டுக்கொண்டு நிற்பது. அந்தக் கம்பியைப் போட்டுத் தந்தவர் பிரகாசம்தான்.

எதிர்வாசலிலிருந்து கெம்பம்மா சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது.

"போட்டுக்கினு வாங்கண்ணா. கால் படாது."

மீட்டர் பார்க்க வருகிறவரையே செருப்பைக் கழற்றாமல் வராந்தாவில் ஏற விடாதவள் கெம்பம்மா.

"அப்புறம் என்னாச்சுக்கா?" என்று போனில் முனிலட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிரகாசத்துக்கு ஒரு சைஸ் பெரிய செருப்பு. இழுத்து இழுத்துத்தான் தெருவைத் தாண்ட முடிந்தது. படியேறும்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்தும் கேட்டது.