அடி திறந்த பை

தைத்து முடித்த பையை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மூலையைக் கரண்டிக் காம்பால் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தேன். மேல்வீட்டு அக்கா வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கையில் இரண்டு நீலச் சட்டைகள்.

"இதை வெட்டி நாலு பை தைக்கணும். அளவு இதுல இருக்கு."

பழைய காலண்டர் தாளில் வெட்டிய அச்சு ஒன்றை நீட்டினாள்.

சட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை. காலர்கூட நைந்துபோகவில்லை. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதமாக மனிதர் மாடியை விட்டு இறங்கவேயில்லை.

"அண்ணன் திரும்ப வேலைக்குப் போறப்ப வேணுமேக்கா?"

இதைக் கேட்கவே எனக்கு மூன்று தடவை எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. யாரிடமும் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது.

"உன்கிட்ட அதைக் கேட்டேனா? வெட்டு."

வெட்டினேன். முதுகுத் துணியில் கத்தரிக்கோல் போகும்போது ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன். ஆள் உயிரோடு மேலே படுத்திருக்கிறார். இங்கே அவர் சட்டை துண்டு துண்டாகிறது.

அச்சும் ஒரு தினுசாக இருந்தது. ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம், அடியில் நடுவே அரைவட்டமாக ஒரு வெட்டு. வெட்டத் தெரியாமல் எலி கடித்த மாதிரி கடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நானே அதை நேராக்கி, அடியை இரட்டைத் தையல் போட்டு மூடினேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மறுநாள் அக்கா பைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். முகம் மாறியது.

"அடியை யாரு மூடச் சொன்னா?"

"ஓட்டை இருந்தா சாமான் விழுந்துடுமேக்கா..."

"விழாது. பிரி."

"நாலையுமா?"

"பின்ன, சாமி வந்து பிரிக்குமா?"

ஒரு பகல் முழுக்கப் பிளேடை வைத்துக்கொண்டு பிரித்தேன். அரைவட்டமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். புருஷன் சட்டையில் பை. அதிலும் ஓட்டைப் பை!

கொண்டுபோய்க் கொடுத்து நாலு நாள் இருக்கும். மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஒரு படி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இன்னொரு படி.

கதவை லேசாகத் திறந்து பார்த்தேன்.

டிரைவர் அண்ணன்! முகம் வழித்து, தலை சீவி, வெட்டாமல் வைத்திருந்த இன்னொரு நீலச் சட்டை போட்டிருந்தார். ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை அக்கா தோளில். இடுப்போரம் நான் தைத்த பை தொங்கியது. சட்டையும் பையும் ஒரே நீலம். உற்றுப் பார்த்தால்தான் பை இருப்பதே தெரியும்.

குனிந்து அடுத்த படியில் காலை வைத்தபோது பை ஆடியது. மேலே ஒரு குழாய் உள்ளே போனது. அடியில், நான் மூடித் திறந்த அரைவட்டத்தில், சின்னத் திருகு மூடி ஒன்று எட்டிப் பார்த்தது.

உள்ளே இருந்தது ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் மூத்திரப் பை. நிறைந்தால் அடியில் திறந்துவிட வேண்டுமே.

இதையா ஓட்டைப் பை என்று திட்டினேன்!

"தெருமுனை வரைக்கும்தான். போனதும் திரும்பிடலாம். யாருக்கும் தெரியாது, நடங்க," என்று அக்கா அவர் காதோடு சொன்னாள். என்னை வெடுக்கென்று பேசிய அதே வாய்தான்.

கீழ்ப்படியில் கீழ்வீட்டுக்காரி நின்றிருந்தாள். எங்கள் கட்டடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர். நிறுத்துகிற பட்டன் மட்டும் கிடையாது.

"அட, டிரைவர் சாரா! நடமாட ஆரம்பிச்சிட்டீங்களா? ஆமா, உங்க சட்டையெல்லாம் வெட்டிப் பை தைச்சிட்டாங்களாமே? ஓ, இதான் அந்தப் பையா! உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

சொல்லிக்கொண்டே விரலால் தொட்டும் பார்த்தாள்.

அண்ணன் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பையைப் பொத்தினார். தடுமாறினார். அக்கா பிடித்துக்கொண்டாள். அண்ணன் திரும்பி ஏற ஆரம்பித்தார். இறங்கினதைவிட ஏறுவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் என் வாசலைத் தாண்டுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா மீதி மூன்று பைகளோடு வந்தாள்.

"இதைப் பிரிச்சு வெறும் துணியாக் குடுத்துடு. மேஜை துடைக்கவாவது ஆகும். இனிமே அவர் இறங்க மாட்டார்."

பிளேடை எடுத்தேன். முதல் தையலில் வைத்தேன்.

"கடைத்தெரு டெய்லர்கிட்ட குடுத்தா நாலு பேர் காதுக்குப் போகும்னுதான் உன்கிட்ட வந்தேன். நீ வாயே திறக்காத பொண்ணு. இப்ப என்னடான்னா, 'நீதானடி அவகிட்ட சொன்னே'ன்னு என்னைக் கேக்குறாரு. ராத்திரியிலிருந்து என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கல."

"அக்கா..."

"என்னம்மா?"

"மொட்டை மாடியில துணி காயப்போடுறப்ப, புருஷன் சட்டையை வெட்டிப் பை தைக்கச் சொல்றா, இப்படியும் ஒரு பொண்டாட்டி இருப்பாளான்னு ரேடியோகிட்ட சொன்னது..."

"அம்மாவ்! கழுவி விடு!" பாத்ரூமிலிருந்து என் பாப்பா கத்தினாள்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு, போகாதே. யாரு சொன்னா? யாருன்னு சொல்லு."

"அது வந்துக்கா... நா..."

"அம்மாவ்வ்!"