தட்டு மாற்ற ஒரு ஜோடி

“நான்சி, நிச்சயத்துக்கு நீ மட்டும் வா. மச்சான் வேணாம்.”

மரிய செல்வம் இதைப் போனிலேயே சொல்லிவிட்டார். நேரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்ன இருந்தாலும் கூடப் பிறந்த தங்கச்சி. அவர் மனைவி இறந்த பிறகு மகள் அமலிக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஆளாக்கி விட்டவள்.

அமலியின் நிச்சயத்தில் தட்டு மாற்ற ஒரு ஜோடி வேண்டும். மரிய செல்வம் ஒற்றை ஆள். முறையாகப் பார்த்தால் பெண்ணின் அத்தையும் மாமாவும்தான் தட்டைப் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த மாமாவைச் சபையில் எப்படி நிறுத்துவது?

நான்சியின் கணவர் செபஸ்டினுக்கு மனசு சரியில்லை என்பது வரதராசன்பேட்டைக்கே தெரியும். அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர். திருச்சியில் மனநல டாக்டர் வாசலில் அவரும் நான்சியும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஊர்க்காரர் ஒருவர், யாருக்கு என்று விசாரித்திருக்கிறார். எனக்குத்தாங்க, மறை கழண்டுடுச்சு என்று செபஸ்டின் சிரித்தாராம். அதைப் போய்ச் சிரித்துக்கொண்டு சொல்கிறான் என்றால் முற்றிய கேஸ்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

அப்புறம் டீச்சர் வேலை பார்க்கும் நான்சி ஸ்கூலுக்கு நீண்ட லீவு போட்டாள். பாவம், புருஷனைப் பார்த்துக்கொள்ள என்றார்கள். தினமும் சாயங்காலம் அவரைக் கையைப் பிடித்து கடைத்தெரு வரை நடத்திக்கொண்டு போனாள். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எப்படி இருந்த டீச்சர், இப்படி வாடிப் போய்விட்டாளே என்று மரிய செல்வம் மச்சானை மனசுக்குள் திட்டாத நாள் இல்லை.

இப்போது நான்சி மறுபடி வேலைக்குப் போகிறாள். முகத்தில் களை வந்திருக்கிறது. மச்சானுக்குக் குணமாகியிருக்கும் என்று மரிய செல்வமும் நினைத்தார்தான். இருந்தாலும் எதற்கு வம்பு? பெரியப்பா மகன் சவரிமுத்துவையும் அவர் மனைவியையும் தட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

நிச்சயத்தன்று பார்த்தால், நான்சி புருஷனோடு வந்து இறங்கினாள்.

மரிய செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு, பந்தியில் தண்ணீர் பாட்டில் வைக்கிற வேலையை மச்சானுக்குக் கொடுத்து அந்தப் பக்கம் அனுப்பினார். செபஸ்டின் முகம் சுளிக்காமல் போனார்.

ஏலாக்குறிச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். காபி குடித்து, பேச வேண்டியதெல்லாம் பேசி, தட்டை எடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

“தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு வகையில யாருக்கோ மனநோய்னு காதுல விழுந்துச்சு.”

அமலி நிமிர்ந்து தன் அத்தையைப் பார்த்தாள்.

மரிய செல்வம் அவசரமாகப் பந்திப் பக்கம் கையைக் காட்டினார்.

“அது என் தங்கச்சி புருஷன்ங்க. கட்டிக்கிட்டு வந்தவரு. எங்க ரத்தத்துல அப்படி யாரும் கெடையாது.”

சித்தப்பா திருப்தியாகத் தலையாட்டினார். பிழைத்தோம் என்று மரிய செல்வம் தட்டை எடுக்கக் குனிந்தார்.

“இருக்குண்ணே.” நான்சி எழுந்து நின்றாள். “நம்ம ரத்தந்தான். நோய் எனக்கு.”

கையில் பாட்டிலோடு செபஸ்டின் ஓடி வந்தார். “அவ சும்மா சொல்றா சார். எனக்குத்தான்.”

“நீங்க செத்த பேசாம இருங்க.” நான்சியின் குரலில் நடுக்கமே இல்லை. “போர்டுல எழுதப் போயி, சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டு நின்னேன். பல்லு வெளக்கக்கூட எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். செத்துடலாம்னுகூட நெனச்சேன். மனச்சோர்வுன்னு டாக்டர் சொன்னாரு. அந்தப் பேரு வந்தா நான் மறுபடி கிளாஸ்ல நிக்க முடியாதுன்னு இவரு தன் தலையில போட்டுக்கிட்டாரு. ஷிப்ட் முடிஞ்சு வந்து சோறு ஊட்டுனாரு. தெனம் கையைப் புடிச்சு நடக்க வச்சாரு. யாரு கையை யாரு புடிச்சாங்கன்னு ஊருல ஒருத்தரும் பாக்கல. இப்ப நல்லாருக்கேன். மாத்திரை சாப்பிடுறேன், பாடமும் நடத்துறேன்.”

மரிய செல்வம் மகளைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

“எனக்கு முன்னாடியே தெரியும்பா,” என்றாள் அமலி. “மாமா வராம நிச்சயம் வேணாம்னு நான்தான் அத்தைக்குப் போன் பண்ணேன்.”

சித்தப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். முதலில் மகனிடம் திரும்பினார்.

“நல்லாப் பாத்துக்கடா. கட்டுனவளுக்கு ஒண்ணுன்னா இப்படி நிக்கணும்.”

பிறகு மரிய செல்வத்திடம் சொன்னார்: “அண்ணே, தட்டை அவங்க ரெண்டு பேரும் குடுக்கட்டும். வேற யாரு குடுத்தாலும் நாங்க வாங்குறதா இல்ல.”

சவரிமுத்து தானாகவே ஒதுங்கி நின்றார். மரிய செல்வம் தட்டை எடுத்துக்கொண்டு மச்சான் முன்னால் போனார். மன்னிப்புக் கேட்பதுபோல் அதை நீட்டினார். கை நடுங்கி, தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது.

செபஸ்டின் அதைக் குனிந்து எடுத்துத் தட்டில் வைத்தார். மரிய செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“என்ன மச்சான், இந்த நடுங்கு நடுங்குறீங்க? எங்க டாக்டர் நல்லவருதான். ஒரு எட்டு போயிட்டு வருவமா?”

முதலில் வாய்விட்டுச் சிரித்தது நான்சிதான்.