வீட்டு முன்னால்

"குளத்த யாருண்ணே வீட்டு முன்னால வைப்பா? பின்னால வைங்க லா," என்றான் தச்சன் சின்னையா.

"பேத்தி முன்னாலதான் கேட்டுருக்கா," என்றார் சிவப்பிரகாசம்.

தீபாவளிக்கு வருவதாகக் கோலாலம்பூரிலிருந்து யாழினி மலாய் மொழியில் அனுப்பிய செய்தியை அவர் பத்துத் தடவையாவது படித்திருப்பார். ஈப்போவில் அந்த வீட்டுக்குப் பிள்ளைகள் வந்து மூன்று வருடமாகிறது.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நீச்சல் குளத்தை வாசலில் நிறுத்தி, வாசற்படியிலிருந்து கேட் வரை சின்னையா மரத்தளம் போட்டான். தண்ணீர் வடியப் பலகைகளுக்கு நடுவே விரல்கடை சந்து விட்டான். ஒரு சாண் தரை மிச்சமில்லை.

தீபாவளிக் காலையில் கார் வந்து நின்றது. யாழினி கை நிறையக் கலர் அரிசிப் பொட்டலங்களோடு இறங்கினாள்.

"தாத்தா, கோலம் எங்க போடுறது? அரிசியெல்லாம் சந்துல விழுந்துருமே?"

சிவப்பிரகாசம் கைப்பேசியை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி பார்த்தார். வீட்டு முன்னால் 'கோலம்' வேண்டுமாம். மலாய்க்காரர்கள் குளத்தைக் கோலாம் என்பார்கள். இங்கிலீஷ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். முழுக்க மலாயில் எழுதிய பிள்ளை, அந்த ஓரிடத்தில் மட்டும் தமிழ்ச் சொல்லை எழுதியிருந்தாள்.

"நாலு மணிக்குக் கிளம்பிரணும்பா," என்றான் மகன், உள்ளே வராமலே.

சிவப்பிரகாசம் சின்னையாவுக்குப் போன் போட்டார்.

"தீபாவளியும் அதுவுமா என்னாண்ணே?"

"வாசப்படிகிட்ட நாலு பலகைய மட்டும் எப்படிக் கழட்டுறது? சீக்கிரம் சொல்லுப்பா."